நோரா ஹெய்சன்: யுத்தத்தை வரைந்த பெண்மணி

மலாயாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து தெற்கே தஞ்சோங் மாலிமை நோக்கி வரும் பழைய பெருஞ்சாலை, துரோலாக்கைத் தாண்டிச் சிலிம் ரிவரை அடையும் வழியில், ஒரு காலத்தில் இருமருங்கும் ரப்பர் மரங்கள் நிழல் கவிந்து நிற்க அவற்றின் நடுவே ஓடிற்று. 1942-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் தேதி, விடிவதற்கு இன்னும் சில நாழிகை இருக்கையில், அந்தச் சாலையில் ஜப்பானியரின் டாங்கிகள் சுமார் 30 ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பஞ்சாபியரும் ஹைதராபாத் படையினரும் கூர்க்கர்களும் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படையினருமாகக் காவல் நின்ற 11-ஆவது இந்திய டிவிஷனின் அணிகளை அவை ஊடுருவிச் சிதறடித்து, நண்பகல் ஆவதற்குள் சிலிம் நதியின் பாலத்தையும் கைப்பற்றிவிட்டன. 3,000 பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். நான்காம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. பாலத்தைத் தகர்ப்பதற்காக வைத்திருந்த வெடிகளின் கம்பியை, வாத்தனாபே என்ற இளம் ஜப்பானிய அதிகாரி டாங்கியிலிருந்து குதித்துத் தம் வாளாலேயே வெட்டினார் என்பது வரைக்கும் யுத்த சரித்திரக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்களின் ஏடுகளில், அந்தச் சாலைக்குக் கூப்பிடு தூரத்தில், தோட்டத்து லயங்களில் குழந்தைகளை அணைத்துக்கொண்டு பீரங்கிச் சத்தத்தைக் கேட்டிருந்த தமிழ்ப் பெண்களைப் பற்றி ஒரு வரி கிடைப்பது அரிது. அவர்களை வரைந்த சித்திரத்தையும் நான் கண்டதில்லை. சிலிம் ரிவர் யுத்தத்தைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தக் குறை என்னை உறுத்துகிறது. யுத்தத்தைச் சித்திரமாக்கும் கலையின் வரலாற்றைத் தேடிச் செல்லும்படி என்னைத் தூண்டியதும், அந்தத் தேட்டத்தில் நோரா ஹெய்சன் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணியிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இந்த உறுத்தலே.

போரில் பட்டவனுக்கு நடுகல் எடுத்து, அவன் பேரும் பீடும் எழுதி, ஆயுதம் ஏந்திய அவன் உருவத்தைச் செதுக்கி வழிபட்டவர்கள் நம் முன்னோர். வென்ற வேந்தனுக்குப் பரணி பாடினார்கள். இரண்டிலும் நாயகன் ஆண்மகனே. மேல்நாட்டிலும் நிலைமை வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. 1874-இல் லண்டனில் வைக்கப்பட்ட யுத்தச் சித்திரம் ஒன்று பெருங்கூட்டத்தை ஈர்த்து, விக்டோரியா மகாராணியாலேயே வாங்கப்பட்டது என்பதும், அதை வரைந்தவர் எலிஸபெத் தாம்ஸன் என்ற இளம் பெண் என்பதும் உண்மையே. ஆனால் போர்க்களம் எதையும் கண்ணால் காணாமல் வரைந்தவர் அவர். அரசாங்கமே ஓவியர்களை நியமித்து, சம்பளமும் உடுப்பும் கொடுத்து, படைகளோடு களத்துக்கு அனுப்பும் வழக்கம் முதல் உலக யுத்தத்தின்போது, 1916-ஆம் ஆண்டளவில், பிரிட்டனில் ஏற்பட்டு, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்கும் பரவிற்று. அந்த முதல் யுத்தம் முழுவதிலும் ஆஸ்திரேலிய அரசாங்கம் இந்தப் பதவியில் ஒரு பெண்ணையும் அமர்த்தவில்லை. இரண்டாவது யுத்தம் தொடங்கி நான்கு வருஷம் சென்ற பிறகே, 1943 அக்டோபரில், நோரா ஹெய்சன் அப்பதவிக்கு அழைக்கப்பட்டார்.

நோரா 1911 ஜனவரி 11-ஆம் தேதி பிறந்தவர். தகப்பனார் ஹான்ஸ் ஹெய்சன், ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரங்களை அவற்றின் ஒளியோடும் நிழலோடும் வரைந்து நாடறிந்த புகழ் பெற்ற நிலக்காட்சி ஓவியர். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் பிறந்து, சிறு பிராயத்திலேயே தென் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, ஜெர்மானியர் குடியேறிய ஹான்டார்ஃப் என்ற கிராமத்தில் நிலைகொண்டவர். முதல் உலக யுத்தம் மூண்டபோது ஜெர்மன் பிறப்பே அவருக்குக் குற்றமாயிற்று. அக்கம்பக்கத்தாரும் கலைச் சபைகளும் அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். ஊரின் ஜெர்மானியப் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். அந்த வீட்டின் மகள்தான், அடுத்த யுத்தத்தில், அதே தேசத்தின் காப்டன் பதவியும் உடுப்பும் பெற்றுக் களத்துக்குப் போனாள். இதைச் சரித்திரத்தின் விசித்திரமென்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. சந்தேகிக்கப்பட்ட ஒரு குடும்பம் தன் தொழிலில் கொண்ட உறுதியினாலேயே அந்தச் சந்தேகத்தைக் கடந்து வந்ததென்றே இதைக் கருதுகிறேன்.

எட்டுக் குழந்தைகளில் நாலாவதாகப் பிறந்த நோராவுக்குத் தகப்பனாரின் சித்திரக்கூடமே முதற் பள்ளி. அடிலெய்டில் முறையாகப் பயின்ற அவருடைய சித்திரங்களை இருபது வயதிலேயே மாகாணக் கலைக்கூடங்கள் விலை கொடுத்து வாங்கத் தொடங்கின. அந்த நாட்களில் அவர் தம்மைத் தாமே பலமுறை வரைந்துகொண்டார். பார்ப்பவரை நேர்கொண்டு நோக்கும் அந்தப் பெண் முகத்தில் நாணமும் இல்லை, புன்னகையும் இல்லை. தொழில் தெரிந்த ஒருவருடைய நிதானம் மாத்திரமே இருக்கிறது. 1933-இல் தம் கிராமத்துப் பெண் ஒருத்தியை மாதிரியாக நிறுத்தி 'ரூத்' என்ற சித்திரத்தைத் தீட்டினார். வயல் வேலை செய்யும் வர்க்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு, இத்தாலிய ஓவிய மேதைகள் தேவமாதாவுக்குக் கொடுத்த கம்பீரத்தை அதில் கொடுத்திருக்கிறார். உழைக்கும் பெண்ணை இரக்கத்தோடு பாராமல் மதிப்போடு பார்க்கும் இந்தப் பார்வை அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்தது என்பதை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். யுத்தகளத்தில் அவருக்குத் துணை நின்றது அதுவே.

1934-இல் லண்டனுக்குச் சென்று மூன்று வருஷம் பயின்றார். அங்கே அவருக்குக் கற்பித்த ஆசிரியர்களில் பெர்னார்ட் மெனின்ஸ்கி என்பவர் ஒருவர். முதல் யுத்தத்தின்போது லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் விடுமுறையில் வந்து இறங்கும் சிப்பாய்களை அரசாங்கத்துக்காக வரைந்தவர் இவர். இவருடைய பெயரை நாம் மறுபடியும் வேறோர் இடத்தில், நமக்கு மிகவும் கிட்டிய ஓர் இடத்தில், சந்திக்கப் போகிறோம்.

தாயகம் திரும்பி ஸிட்னியில் குடியேறிய நோரா, 1938-ஆம் ஆண்டுக்குரிய ஆர்ச்சிபால்ட் பரிசைப் பெற்றார். நெதர்லாந்து நாட்டுக் கான்ஸல் ஜெனரலின் மனைவியை வரைந்த சித்திரத்துக்காகக் கிடைத்த அந்தப் பரிசு, உருவப்பட ஓவியர்களுக்கு அந்த தேசத்தில் கிடைக்கக்கூடிய தலையாய கௌரவம். அதை ஒரு பெண் பெறுவது அதுவே முதல் தடவை. மாக்ஸ் மெல்ட்ரம் என்ற மூத்த ஓவியர், ஆணுக்கு நிகராகப் பெண்ணும் சாதிப்பாளென்று எதிர்பார்ப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்ற பொருள்படப் பத்திரிகையில் பேசினார். நோரா மேலும் மேலும் வரைந்தார். அடுத்து வந்த இரண்டு வருஷங்களிலும் அதே பரிசு மெல்ட்ரமுக்கே கிடைத்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

யுத்த ஓவியராக நியமனம் பெற்றதும், பெண்கள் படைப்பிரிவுகளின் தலைவிகளை உருவப்படமாக வரையும் வேலையை நோராவுக்கு முதலில் கொடுத்தார்கள். மெல்பர்னில் அமர்ந்து அந்தச் சித்திரங்களைத் தீட்டினார். ராணுவ நர்ஸுகளின் தலைமை மேட்ரனாகிய ஆனி ஸேஜ் அம்மையாரும் அவ்விதம் வரையப்பட்டவர்களில் ஒருவர். மலாயாவில் சேவை செய்து, சிங்கப்பூர் விழும் தறுவாயில் கப்பலேறி, பாங்கா தீவின் கரையில் ஜப்பானியரால் சுட்டுக் கொல்லப்பட்ட 21 ஆஸ்திரேலிய நர்ஸுகளின் கதை இந்நாட்டில் பலருக்குத் தெரியும். அவர்களோடு கப்பலேறியவர்களில் பிழைத்துச் சுமத்திராவின் முகாம்களில் மூன்றரை வருஷம் வாடிய மற்ற நர்ஸுகளை, யுத்தம் முடிந்த 1945 செப்டம்பரில், விமானத்தில் நேரே சென்று அழைத்து வந்தவர் இந்த ஸேஜ் அம்மையாரே. நோராவின் சித்திரத்தில் அவர் அமர்ந்திருக்கும் நிலையைப் பார்ப்பவர்கள் இந்தச் செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தலைவிகளை வரைந்து முடித்த நோராவின் மனம், வேலை நடக்கும் இடத்துக்குப் போவதில் இருந்தது. 1944 ஏப்ரலில் நியூகினித் தீவுக்கு அனுப்பப்பட்டு, ஃபின்ஷ்ஹாஃபன் என்ற கடற்கரைத் தளத்தில், காயம்பட்டோர் வந்து சேரும் ராணுவ மருத்துவ நிலையத்தில் தங்கினார். அந்த பூமியின் வெயிலும் மழையும் புழுக்கமும் பேராக்வாசிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவை அல்ல. மாரிக்காலத்தில் இங்கே பெட்டியில் வைத்த காகிதம் பூஞ்சணம் பிடிப்பதையும், தோல்செருப்பு ஒரே வாரத்தில் பச்சை பூப்பதையும் அறிந்தவர்கள், கூடாரத்துக்குள் கரிக்கோலும் வண்ணக் கோலும் பிடித்து, வேர்வை சொட்டும் கையைக் காகிதத்தில் படாமல் காத்துக்கொண்டு மாதக்கணக்கில் வரைவதென்றால் என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம். உடம்பெல்லாம் சொறிநோய் கண்டு, அந்த வருஷம் முடிவதற்குள் அவர் ஊர் திரும்ப நேர்ந்தது. அதற்குள் அவர் வரைந்தவை அநேகம்: அறுவைச் சிகிச்சைக் கூடத்து நர்ஸ் மார்கரெட் ஸல்லிவன், கட்டிலில் கிடக்கும் காயக்காரர்கள், அவர்கள் பக்கத்தில் நிற்கும் தாதிமார், மருத்துவர்கள். 1945-இல் வட குவீன்ஸ்லாந்தில் கெய்ர்ன்ஸ் நகரத்துப் பக்கம் சென்று, விமானப்படையில் சமைத்தும் சுமைவண்டி ஓட்டியும் பணி செய்த பெண்களைத் தீட்டினார். ஃபுளோரன்ஸ் மைல்ஸ் என்ற வண்டியோட்டியின் சித்திரம் அவற்றில் பேர்பெற்றது.

இந்தச் சித்திரங்களில் வெடிக்கும் குண்டும் இல்லை. பாயும் குதிரையும் இல்லை. யுத்த ஓவியமென்றால் சண்டையை வரைய வேண்டுமென்று எண்ணிய அதிகாரிகளுக்கு அது திருப்தி தந்திராது. என் அபிப்பிராயத்தில் அவருடைய பெருமையே அங்கேதான் இருக்கிறது. ஒரு யுத்தம் நடப்பதற்குச் சுடுகிறவன் ஒருவன் வேண்டுமென்றால், அவனுக்குச் சோறாக்கவும், காயம் கட்டவும், வண்டி ஓட்டவும், துணி வெளுக்கவும் பலர் வேண்டியிருக்கிறது. அந்தப் பலரின் முகத்தை ஒருவர் ஒருவராக எடுத்து, பெயரோடு எழுதி வைத்தவர் நோரா. 1946-இல் பதவியிலிருந்து விடுபடும்போது அவர் வரைந்தளித்தவை 170-க்கு மேல். அவருக்குப் பின் ஸ்டெல்லா போவன், ஸிபில் கிரெய்க் என்ற இருவரும் அதே பதவிக்கு வந்தார்கள்.

அந்தக் கெய்ர்ன்ஸ் நகரம் நமக்கு வேறொரு விதத்திலும் உறவுடையது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் வசமானதும், உலகத்துக் கொயினா மருந்தில் பெரும்பங்கு நேசநாடுகளின் கையை விட்டுப் போயிற்று. காய்ச்சலில் படையே படுத்துவிடும் என்ற அச்சத்தில், கெய்ர்ன்ஸில் ஆஸ்திரேலிய ராணுவம் ஒரு மலேரியா ஆராய்ச்சி நிலையம் அமைத்து, தாமே முன்வந்த சிப்பாய்களை நோய்க் கொசுக்கள் கடிக்கவிட்டு, தினந்தோறும் ஒரு அட்டெப்ரின் மாத்திரை உட்கொண்டால் காய்ச்சல் எழும்பாது என்பதை நிரூபித்தது. அங்கே பணிபுரிந்தவர்களில் ராபர்ட் பிளாக் என்ற மருத்துவரும் ஒருவர். நோரா நியூகினியில் சந்தித்து, 1953-இல் மணந்துகொண்டவர் அவரே.

அதே மாதங்களில், அதே காய்ச்சலுக்கு, மாத்திரை ஒன்றும் கிடைக்காமல் மாண்டவர்கள் யார்? சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை போடுவதற்காக, மலாயாவின் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போகப்பட்ட நம் ஜனங்கள். கூலியும் சோறும் தருவதாகச் சொல்லியும், பிறகு பலாத்காரமாகவும், ஆள் சேர்த்தார்கள். அவ்விதம் மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000-க்கு மேல் என்றும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். மலேரியாவிலும் வாந்திபேதியிலும் ஆறாத புண்ணிலும் பல்லாயிரவர் செத்தார்கள். பெயர் பதியப்படாத பிணங்களாகக் குழிகளில் தள்ளப்பட்டவர்கள் அவர்கள். அதே பாதையில் வேலை செய்த 60,000 யுத்தக் கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டவர் இறந்ததும் கொடுமையே. ஆனால் அவர்களுக்குக் கல்லறை உண்டு. அதன்மேல் பெயர் உண்டு. சித்திரமும் உண்டு. அந்தக் கைதிகளுக்குள்ளே, அகப்பட்டால் உயிர் போகுமென்று அறிந்தும், கிடைத்த துண்டுக் காகிதங்களில் தம் தோழர்களின் எலும்புக்கூடான உடம்புகளையும் புழுத்த புண்களையும் வரைந்து ஒளித்து வைத்த ஓவியர் சிலர் இருந்தார்கள். ஜாக் சாக்கர், ரொனால்ட் ஸெர்ல், ஆஷ்லி ஓல்ட் ஆகியோரோடு நாலாமவராக நின்றவர் ஃபிலிப் மெனின்ஸ்கி. லண்டனில் நோராவுக்குக் கற்பித்த பெர்னார்ட் மெனின்ஸ்கியின் புதல்வர் அவர். தகப்பனாரின் மாணவி நியூகினிக் கூடாரத்தில் நர்ஸுகளை வரைந்துகொண்டிருக்க, மகன் சயாம் காட்டில், நம் பாட்டன்மார் புதைக்கப்பட்ட மண்ணிலேயே, மரணத்தை வரைந்துகொண்டிருந்தார்.

அந்தக் கைதிகள் பெரும்பாலும் தம்மவரையே வரைந்தார்கள். அதில் பிழை காண நான் துணியமாட்டேன். நம்மவரை வரைய நம்மவர் ஒருவர் இல்லாமற் போனதே என் துக்கம். அதிலும் ஆண்கள் சயாமுக்குப் போன பிறகு லயங்களில் எஞ்சியவர்கள் யாரென்று எண்ணிப் பாருங்கள். பால்வெட்டுக் கத்தியும் வாளியும் மூலையில் கிடக்க, பால் வாங்க ஆளில்லாத தோட்டத்தில், மரவள்ளிக்கிழங்கை நட்டும் பிடுங்கியும் பிள்ளைகளின் வயிற்றைக் கழுவியவர்கள். கட்டத் துணியின்றிக் கோணிச்சாக்கைத் தைத்து உடுத்தியவர்கள். போனவன் வருவானா மாட்டானா என்று அறியாமல் தாலியைக் கழற்றவும் முடியாமல், கட்டியிருக்கவும் மனம் துணியாமல் வருஷக்கணக்கில் காத்தவர்கள். அவர்களில் சிலர் துப்பாக்கியும் ஏந்தினார்கள். நேதாஜி அமைத்த ஜான்ஸிராணிப் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த பெண்கள் பலர். ஈப்போவிலிருந்து பதினாறு வயதில் போன ராசம்மா, பிற்காலத்தில் நாடறிந்த ஆசிரியையாகவும் சமூக சேவகியாகவும் விளங்கினார். துப்பாக்கி ஏந்தியவர்களின் புகைப்படங்களாவது மிஞ்சியிருக்கின்றன. கிழங்கு பிடுங்கியவர்களுக்கு அதுவுமில்லை.

எழுத்தாளர்கள் தங்கள் கடமையைச் செய்திருக்கிறார்கள். ஆர். சண்முகம் அவர்களின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமி அவர்களின் 'நினைவுச் சின்னம்' என்ற நாவல்கள் அந்தத் துயரத்தை நம் பாஷையில் நிலைநிறுத்தியவை. ஓவியர்கள் செய்ய வேண்டியது பெரும்பகுதி அப்படியே நிற்கிறது.

நோராவின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கணவரோடு பசிபிக் தீவுகளுக்குச் சென்று, அங்குள்ள ஜனங்களையும் வரைந்தார். ஸிட்னியில் ஹன்டர்ஸ் ஹில் என்ற இடத்தில் பழைய வீடொன்றை வாங்கி, பூக்களையும் பூனைகளையும் வளர்த்து, பூக்களை வரைந்து வாழ்ந்தார். கலையுலகின் ருசி மாறிற்று. மகா ஓவியரின் மகள் என்ற அடைமொழி மாத்திரம் அவரோடு நின்றது. மணவாழ்வும் முறிந்தது. 1989-இல் அவரைப் பற்றிய புத்தகமொன்று வெளிவந்த பிறகே தேசம் அவரை நினைவுகூர்ந்தது. 1998-இல் அரசாங்கம் விருது வழங்கிற்று. 2000-இல் கான்பெராவிலுள்ள தேசிய நூலகத்தில் அவருடைய வாழ்நாள் சித்திரங்களின் கண்காட்சி நடந்தது. 2003 டிசம்பர் 30-ஆம் தேதி, 92 வயதில், அவர் காலமானார். யுத்தகாலத்தில் அவர் வரைந்தவை கான்பெராவின் யுத்த நினைவாலயத்தில் பத்திரமாக இருக்கின்றன. மார்கரெட் ஸல்லிவனின் பேரப்பிள்ளைகள் என்று யாராவது இருந்தால், இன்றும் போய்ப் பார்க்கலாம்.

சிலிம் ரிவரிலும் துரோலாக்கிலும் தஞ்சோங் மாலிமிலும் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களையும், தூரிகை பிடிக்கத் தெரிந்த இளைஞர்களையும் இதன் பொருட்டே நான் கேட்டுக்கொள்கிறேன். ஜப்பான்காரன் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள்; மிகச் சிலரே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். தாயார் அந்த நாளில் எதை உடுத்தியிருந்தார், கிழங்கை எதில் அவித்தார், தகப்பன் புறப்பட்ட அன்று லயத்து வாசலில் எங்கே நின்றார் என்று கேட்டுக் கேட்டு, கேட்டதை அவர்கள் எதிரிலேயே வரைந்து, சரிதானா என்று காட்டித் திருத்துங்கள். வரைந்ததன் அடியில், அவர்கள் சம்மதத்தோடு, அந்தத் தாயின் பெயரை முழுமையாக எழுதுங்கள். இந்த வருஷமே தொடங்குங்கள்.